அட்டையில் இருந்த நான்கு எடைகள்: ஒரு கைக்குழந்தையின் இதய ஓட்டை பற்றிய நிகழ்வு ஆய்வு

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகள் கிளினிக் வைத்திருக்கிறேன். இதய மருத்துவரிடம் உடனே போயிருக்க வேண்டிய ஒரு கைக்குழந்தையை இரண்டு வாரம் தாமதமாக அனுப்பிவைத்தேன். அந்தத் தாமதம் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம், பிறந்தபோது 2.9 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயாயிற்று. பிறந்த இடத்திலேயே கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்திருக்கிறார்கள், சரியாக இருந்திருக்கிறது. அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் அம்மா, அப்பத்தா, நாலரை வயது அண்ணன்.

முதல் தடவை என்னிடம் வந்தபோது குழந்தைக்கு 80 நாள். சளி, மூக்கடைப்பு, கொஞ்சம் இளைப்பு. வீட்டில் எல்லோருக்குமே அப்போது சளி இருந்தது. மூக்குக்கு உப்புநீர் சொட்டு எழுதிக் கொடுத்து, மூச்சு வாங்கினால் வரச் சொல்லி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து அதே சளியோடு மறுபடி வந்தார்கள். இந்த முறை ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது மார்பெலும்பின் இடது ஓரத்தில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. மர்மர் என்று நாங்கள் சொல்வது. குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. மூச்சு வேகமாகத்தான் இருந்தது, அதைச் சளியின் கணக்கில் எழுதிவிட்டேன். நெபுலைசர் வைத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, "அடுத்த தடவை அழாம இருக்கும்போது நெஞ்சை இன்னொரு தரம் பார்த்துக்கலாம்மா" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அந்த அண்ணன்.

அண்ணன் கதை

ஒரு வருஷத்துக்கு முன்பு அவன் காய்ச்சலோடு வந்திருந்தான். நெஞ்சில் வைத்த மாத்திரத்தில் பெரிய சத்தம். தம்புராக் கம்பியைச் சுண்டிவிட்டது போல ஒரு ரீங்காரம். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் அப்பாவிடம், "ஹார்ட்ல ஓட்டை இருக்கலாம், எக்கோ எடுத்துப் பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கம்மலை அடகு வைத்து மதுரைக்குப் போயிருக்கிறார்கள். குழந்தை இதய மருத்துவர் படுக்க வைத்துக் கேட்டார், உட்கார வைத்துக் கேட்டார், எக்கோ (ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் சோதனை) பார்த்தார். ஒன்றுமில்லை. ஊர் திரும்பியதும் அப்பா நேராக என்னிடம் வந்தார். "பத்தே நிமிஷத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாரு சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தணிந்த குரலில் சொன்னார்.

அவனுக்கு இருந்தது ஸ்டில் மர்மர். ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1909-இல் விவரித்தது. இரண்டிலிருந்து ஏழு வயதுக்குள் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்குக் கேட்பது. படுத்திருந்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். காய்ச்சலில் ரத்தம் வேகமாக ஓடுவதால் இன்னும் பலமாகக் கேட்கும். இதயத்தில் குறை ஏதும் இருக்காது. இந்த வகைச் சத்தத்துக்கு 'அப்பாவி மர்மர்' என்றே பெயர். காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொரு முறை கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கலாம்.

அவனை அனுப்பியது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. சந்தேகம் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும். சொன்ன விதம்தான் தவறு. 'ஓட்டை' என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் எளிதில் வெளியே வராது. அப்புறம் நடந்ததுதான் மோசம். அந்தத் தணிந்த குரல் என் காதிலேயே நின்றுவிட்டது. தங்கச்சியின் நெஞ்சில் சத்தம் கேட்டபோது, இந்தக் குடும்பத்தை இரண்டாம் தரம் கலவரப்படுத்துவானேன் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. இது அண்ணனுடையதை விட எவ்வளவோ மெல்லிய சத்தம். பெரிய சத்தத்துக்கே ஒன்றுமில்லை என்றால் இதற்கு என்ன இருக்கப் போகிறது?

மஞ்சப்பை

மூன்றாவது தடவை வந்தது 109-ஆம் நாள். அவர்களாக வரவில்லை. 105-ஆம் நாள் ஊசிக்குப் போன இடத்தில் கிராம சுகாதார செவிலியர் எடை பார்த்துவிட்டு, தாய்-சேய் அட்டையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, டாக்டரிடம் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா மஞ்சப்பையிலிருந்து அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

பிறந்தபோது 2.9. 45-ஆம் நாள் 3.7. 75-ஆம் நாள் 4.0. 105-ஆம் நாள் 4.15.

முதல் மூன்று மாதத்தில் குழந்தை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இவள் கடைசி முப்பது நாளில் ஏறியது மொத்தமே 150 கிராம், அதாவது நாளைக்கு ஐந்து. ஐந்தரைக் கிலோவைத் தொட்டிருக்க வேண்டிய பிள்ளை நாலே காலைக்கூடத் தொடவில்லை. இரண்டு முறையும் அந்த அட்டை அதே பையில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

"பால் எப்படிக் குடிக்கிறா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் குடிப்பா சார், விட்டுருவா. மூச்சு வாங்கும். அப்படியே தூங்கிருவா. அரை மணி நேரத்துல பசிச்சு அழுவா. தலையெல்லாம் தண்ணியாக் கொட்டும், இந்தா பாருங்க" என்று முந்தானையைக் காட்டினார். தோள் பக்கத்துச் சேலை ஈரமாக இருந்தது. காத்திருந்த நேரத்தில் ஒரு தரம் பால் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அப்பத்தாவுக்கு வேறு கவலை. "இவளுக்குப் பால் பத்தல தம்பி. பவுடர் பால் வாங்கிக் குடுன்னா கேக்க மாட்டேங்கிறா. தோசமும் இருக்கு, ரெண்டு தடவ மந்திரிச்சுட்டு வந்தோம்" என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று மாதமாக இந்தப் பேச்சு அந்த வீட்டில் ஓடியிருக்கும் போல. பால் பற்றாத குழந்தை மார்பை விடாமல் சப்பும். இவளோ பாலிருந்தும் குடிக்க முடியாமல் களைத்துப் போகிறாள். ஒரு கைக்குழந்தை செய்கிற கடினமான உடல் வேலை பால் குடிப்பதுதான். பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எப்படியோ, அப்படித்தான் கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதும். இதயம் திணறினால் முதலில் அங்கேதான் தெரியும்.

தூங்கவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். 64. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. ஈரல் மூன்று விரல் அளவு இறங்கியிருந்தது. ஆக்சிஜன் 97. உதடு, நகம் எதிலும் நீலம் இல்லை.

இந்த முறை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். "எடை ஏறல, மூச்சு வேகமா இருக்கு, வேர்க்குது. மூணும் சேர்ந்தா ஹார்ட் டாக்டர் பார்க்கணும். அண்ணனுக்கு அனுப்பினது சத்தத்தை மட்டும் வெச்சு. அவன் நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருந்தான். இவ அப்படி இல்ல. இன்னைக்கே போன் பண்றேன், நாளைக்குப் போங்க." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "போன தடவயும் ரெண்டு மூணு தரம் வந்தோமே சார்" என்றார். ஆமாம், வந்தீர்கள், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

மதுரையில்

அங்கே நடந்ததை அம்மா சொல்லியும், மருத்துவரின் கடிதத்திலும் அவரோடு போனில் பேசியதிலும் தெரிந்துகொண்டேன். அவர் குழந்தையைத் தொடவில்லையாம் முதலில். "பால் குடுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிடம் வெறும் பார்வை. பிறகு நாடி, தொடைநாடி, நான்கு கை கால்களிலும் ரத்த அழுத்தம். கடைசியாகத்தான் ஸ்டெதாஸ்கோப். நான் கேட்ட மெல்லிய இரைச்சலோடு, இதய நுனியில் கனமான உருட்டல் ஒன்றையும் அவர் குறித்திருந்தார். நுரையீரலிலிருந்து அளவுக்கு மீறித் திரும்பும் ரத்தம் வால்வைத் தாண்டும்போது எழுவது. நான் கேட்கவே இல்லாத சத்தம் அது. அழுகிற குழந்தையிடம் கேட்டிருக்கவும் முடியாது.

எக்கோ அறை இருட்டு, ஏசி வேறு. நெஞ்சில் பூசிய ஜெல் சில்லென்று பட்டதும் குழந்தை அலறியிருக்கிறாள். தூக்க மருந்து கொடுக்கவில்லை, அம்மா மடியிலேயே பால் குடிக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் கண் திரையில் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் இருந்திருக்கிறது. "அண்ணனுக்குப் பத்து நிமிஷம்தான் சார் ஆச்சு. இவளுக்கு இருவது ஆச்சு, இருவத்தஞ்சு ஆச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்பா திரையைப் பார்த்திருக்கிறார். சிவப்பும் நீலமும் கலந்து ஓடுவதைக் கண்டு, "கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலக்குதா டாக்டர்?" என்று கேட்டாராம். பள்ளிப் பாடப் புத்தகப் படம் நம் எல்லோர் மனதிலும் அப்படிப் பதிந்திருக்கிறது. எக்கோவின் நிறம் ரத்தத்தின் தரத்தைச் சொல்வதில்லை. கருவி இருக்கும் பக்கமாக வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம். திசை மட்டும்தான். மருத்துவர் கருவியைக் கொஞ்சம் சாய்த்து, அதே இடம் சிவப்பிலிருந்து நீலமாவதைக் காட்டியிருக்கிறார். அப்பா இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

முடிவு: இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பெருநாடி வால்வின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமம், அதாவது பெரியது. இடப்பக்க அறைகள் வீங்கியிருந்தன.

அப்படியானால் சத்தம் ஏன் மெல்லியதாக இருந்தது? எங்கள் பக்கத்துக் கண்மாய் மடையை நினைத்தால் புரியும். மடையை ஒரு சாண் மட்டும் திறந்தால், உள்ளே தண்ணீர் உயரம், வெளியே பள்ளம், பீறிட்டுக்கொண்டு சத்தம் போடும். கரையே உடைந்து இரண்டு பக்கமும் ஒரே மட்டமாகிவிட்டால் சத்தம் ஏது? சிறிய ஓட்டை பெரிய சத்தம் போடும், குழந்தை நன்றாக இருக்கும். ஆன்றி ரோஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1879-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். அந்தச் சிறிய ஓட்டைகளில் பல தானாக மூடிக்கொள்ளவும் செய்யும். பெரிய ஓட்டையில் இரண்டு அறைகளின் அழுத்தமும் சமமாகிவிடும், சத்தம் தணிந்துவிடும். ஆனால் ரத்தம் எந்தப் பக்கம் வழி இளகலாக இருக்கிறதோ அந்தப் பக்கம், நுரையீரலுக்கு, கொட்டிக்கொண்டே இருக்கும். படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்தான். அண்ணனையும் தங்கச்சியையும் சத்தத்தை வைத்து எடை போட்டபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறந்த ஆஸ்பத்திரியில் யாரும் கவனிக்கவில்லையா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் மேல் தவறில்லை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருக்கும். ஓட்டை இருந்தாலும் ரத்தம் அந்தப் பக்கம் அதிகம் போகாது, சத்தமும் இருக்காது, குழந்தை நன்றாகவே குடிக்கும். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் குழாய்கள் தளர்ந்த பிறகுதான் வெள்ளம். அட்டையைப் பார்த்தால் தெரியும், 45-ஆம் நாள் வரை எடை ஓரளவு ஏறியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் படுத்துவிட்டது. கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்ப்பது முக்கியமாக நீலம் பாய வைக்கும் கோளாறுகளைப் பிடிக்க. இந்த வகை ஓட்டை அதில் சிக்காது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு முதல் பத்து பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கும். அதில் அதிகம் காணப்படுவது இந்தக் கீழறைச் சுவர் ஓட்டைதான்.

பாலாடையும் காகிதங்களும்

அறுவை சிகிச்சை தேவை, ஆனால் இன்றே அல்ல, சில வாரங்களுக்குள் என்றார் மருத்துவர். காத்திருக்கலாம், வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாது. நுரையீரல் குழாய்கள் இந்த வெள்ளத்தைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் தடித்து இறுகிவிடும். அப்புறம் ரத்தம் திசை மாறி ஓடும், குழந்தை நீலமாகும், அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூடுவது ஆபத்து. விக்டர் ஐசன்மெங்கர் 1897-இல் விவரித்த நிலை. இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. குழாய்கள் இறுக ஆரம்பிக்கும்போது வெள்ளம் குறைவதால் மூச்சுத் திணறல் குறையும், குழந்தை தேறுகிற மாதிரி இருக்கும். 'மருந்திலேயே சரியாகிவிட்டது' என்று வீட்டார் நின்றுவிடுவது அப்போதுதான். இதை அப்பத்தாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, வீட்டில் முடிவெடுப்பது அவர்.

நீர் வெளியேற்றும் மருந்து, ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து, காலை மாலை. அம்மாவின் பாலையே பிழிந்து, கலோரி கூட்டும் மாவு சேர்த்துப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) ஊட்டச் சொன்னார்கள். மார்பில் ஐந்து நிமிடம், மிச்சம் பாலாடையில். சப்புகிற உழைப்பு மிச்சம். நான் வாரம் ஒரு முறை எடை பார்த்தேன். முதல் வாரம் 60 கிராம், இரண்டாம் வாரம் 90. அம்மாவுக்குப் பால் பற்றவில்லை என்ற பேச்சு அந்த மாதத்தோடு நின்றது. பிழிந்த பால் டம்ளரில் நிறைந்து நிற்பதை அப்பத்தாவே பார்த்தார்.

காகித வேலை தனிக் கதை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இவர்களிடம் அட்டை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, பிறகு விருதுநகர் ஆட்சியர் அலுவலகம் என்று அப்பா நான்கு நாள் லோடு ஏற்றப் போகவில்லை. அண்ணனுக்கு அடகு வைத்த கம்மல் இன்னும் மீட்கப்படாமல்தான் இருந்தது. இதய மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அன்றே காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிட வேண்டும் என்பதை இந்த நான்கு நாளில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு தேதி கிடைத்து, குழந்தைக்குச் சளி பிடித்து அது தள்ளிப்போனது. இரண்டாம் தேதியில், ஐந்தாம் மாதம், எடை 4.6 இருக்கும்போது அறுவை நடந்தது. ரத்தம் கொடுக்க ஸ்டாண்டிலிருந்து ஆறு குட்டியானை ஓட்டுநர்கள் போயிருந்தார்கள். 1954 மார்ச் 26-இல் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை இதே வகை ஓட்டையை முதல் முதலில் மூடியபோது இதய-நுரையீரல் இயந்திரம் அவரிடம் இல்லை. குழந்தையின் ரத்தக் குழாயை அதன் அப்பாவின் ரத்தக் குழாயோடு குழல் வைத்து இணைத்து, அப்பாவின் இதயத்தையும் நுரையீரலையும் இயந்திரமாக்கிக்கொண்டார். ஓட்டை மூடியது. ஆனால் அந்தக் குழந்தை பதினோராம் நாள் நிமோனியாவில் இறந்துபோனது. இதைக் குட்டியானைக்காரரிடம் பாதி மட்டும் சொன்னேன். "நானும் படுத்திருப்பேன் சார்" என்றார்.

ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். துடிப்புக்கு ஆணை கொண்டுபோகும் மின்பாதை இந்த வகை ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. தையல் அதில் பட்டால் இதயத் துடிப்பு தடைப்பட்டுப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம் என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. ஐசியுவில் மூன்று நாள், ஒன்பதாம் நாள் வீடு. ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் கசிவு இல்லை, இடப்பக்க அறைகள் சுருங்க ஆரம்பித்திருந்தன.

இரண்டு வாரத் தாமதத்தால் நிரந்தரக் கெடுதி ஏதும் இல்லை என்றார் மதுரை மருத்துவர். ஆறுதலுக்குச் சொன்னது அல்ல அது, உண்மைதான். அந்த இரண்டு வாரத்தில் நிமோனியா வந்திருந்தால் அதே வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க முடியாது. இப்போது என் மேசையில் அட்டையை வைக்காமல் ஒரு கைக்குழந்தையையும் பார்ப்பதில்லை. உதவிக்கு இருக்கும் பெண் வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறாள். பென்சிலில் வட்டம் போட்ட செவிலியரை ஊசி முகாமில் பார்த்தபோது நன்றி சொன்னேன். "எடை ஏறலைன்னா எங்களுக்குத் திட்டு விழும் சார்" என்று சிரித்தார்.

எட்டாம் மாதம் செக்கப்புக்கு வந்தபோது 6.7 கிலோ. கீழ்வரிசையில் இரண்டு பல். பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஒட்டுப் போட்ட இதயத்துக்கு ஈறிலிருந்து கிருமி போகக் கூடாது. நெஞ்சில் வைத்துக் கேட்டேன், லப்-டப் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணன் மேசையைப் பிடித்து ஏறி, "எனக்கும் வைங்க" என்றான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். தம்புரா அப்படியே இருந்தது. குழாயை அவன் காதிலேயே மாட்டிவிட்டேன்.